பத்து எண்ணும் வரை பேசாதிருப்பது

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கார்த்திகேசனுக்கு அப்பா வைத்தியலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே வீடு, மோட்டார், முருங்கை, என் தொண்டை எல்லாம் சௌக்கியம். அங்கே நீயும், ஜெனிஷாவும், குழந்தை இளவேனிலும், மூன்று மாத விசாவில் வந்து உங்கள் சமையலறையைக் கைப்பற்றியிருக்கும் உன் அம்மா சொர்ணாம்பாளும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோ போனில் நான் நான்கு நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, நீ பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டு என் வாய் கோணியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாயே, அது பக்கவாதம் இல்லை தம்பி. நெட்வொர்க்கும் போகவில்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது. பேராசையால் பேசாமல் இருந்தேன். இன்று காலையில் உன் அம்மாவிடம் போனில் இதைச் சொல்ல முயன்றேன். "உடம்பு சரியில்லாதவங்க எல்லாரும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வாங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். நீ விமான டிக்கெட் போட்டுவிட்டாய் என்றும் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஜெனிஷாவின் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்கு விமானம் ஏறுகிறார், பனங்கற்கண்டோடும் கருவாட்டோடும் இதுவும் வரும். கருவாட்டு வாசனை அடித்தால் பெரியப்பாவைக் கேள், என்னைக் கேட்காதே.

நடந்தது என்னவென்று வரிசையாகச் சொல்கிறேன். போன மாதம் ஜெனிஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே உள்ள குழந்தை நல நர்ஸம்மாவிடம் போனாளல்லவா, இளவேனிலுக்கு இரண்டு வயது நெருங்குகிறது, மூன்றே மூன்று வார்த்தைதான் வருகிறது, அதில் ஒன்று 'வேணாம்' என்று. நர்ஸம்மா பதறவில்லையாம். வீட்டில் யார் குழந்தையோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாளாம். பேசுவது என்றால் சும்மா பேச்சைக் கொட்டுவது கிடையாதாம். பிறந்து முதல் மூன்று வருஷத்தில் குழந்தையின் மூளைக்குள்ளே கம்பி இழுக்கிற வேலை ஜரூராக நடக்கிறதாம். குழந்தை ஒரு சத்தம் கொடுத்தால் பெரியவர்கள் அதன் முகத்தைப் பார்த்து ஒரு பதில் கொடுக்க வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும், குழந்தை திருப்பி ஒன்று கொடுக்கும், இப்படிப் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு கம்பி இறுகுகிறதாம். டிவி பேசுவது சேர்த்தி இல்லையாம். இதையெல்லாம் ஜெனிஷா என்னிடம் போனில் சொன்னபோது, மைக் செட்டோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்பதால், கம்பி விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்தது. அதற்கு அடுத்ததாக அவள் சொன்னதுதான் புரியவில்லை.

"மாமா, நான் பேசுறேன், அத்தை பேசுறாங்க. உங்க புள்ளதான் வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. குழந்தையை மடியில வச்சுக்குவாரு, குளிப்பாட்டுவாரு, டயாப்பர் மாத்துவாரு, எல்லாம் ஊமைப்படம் மாதிரி. ஏன் மாமா இப்படி இருக்காரு?"

நான் இருமினேன். இருமல் எனக்கு எப்போதும் உதவிக்கு வரும்.

"அதான் மாமா, உங்களைக் கேக்கலாம்னு. பேசுறதே உங்க தொழில். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை, கால் மணி நேரம் பாப்பாகிட்ட பேசுறீங்களா?"

கேட்க வேண்டுமா? காரைக்கால் முழுக்க என் குரல் போகாத சந்து இல்லை. மார்ட்டின் ஆட்டோவை ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்து, குடிநீர் வராத நாள், மின்சாரம் நிற்கும் நேரம், தேர்த் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, காணாமல் போன பசு என்று எதைச் சொன்னாலும் ஜனங்கள் நின்று கேட்பார்கள். எனக்கு வாயை மூடத் தெரிந்த ஒரே இடம் பூவம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே நமக்கு மைக் அனுமதி கிடையாது, எல்லைப் பலகை தெரிந்ததும் மார்ட்டின் திரும்பிப் பார்ப்பான், நான் நிறுத்துவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பேத்தியிடம் பேசுவதா பெரிது? குளித்து, சட்டை மாற்றி, சரியாக ஐந்துக்குப் போன் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அலோ, அலோ. பேரன்பு கொண்ட செல்வி இளவேனில் அவர்களே!"

குழந்தை உன் அம்மாவின் முந்தானைக்குள் போனது அப்புறம் வெளியே வரவேயில்லை. கால் மணி நேரமும் நான் முந்தானைக்குத்தான் பேசினேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் நகராட்சி வீட்டு வரி கட்டக் கடைசித் தேதியைச் சொல்லிவிட்டேன், இரண்டு தடவை, பழக்கதோஷம். உன் அம்மா போனைப் பிடுங்கினாள்.

"ஏங்க, மனுசன் மாதிரி பேச மாட்டீங்களா? அது என்ன கூட்டமா? ஒத்தப் புள்ளைங்க, ஒத்தப் புள்ள!"

ஜெனிஷா படித்தவள், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒன்று கேளுங்கள், அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதுவரை பேசாதீர்கள் என்றாள். இது என்ன பிரமாதம் என்று தோன்றும். நீயே உட்கார்ந்து பார். என் தொழிலில் இடைவெளி விட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று அர்த்தம். மூச்சு வாங்குவதைக்கூட வார்த்தைக்கு நடுவில் ஒளித்து வாங்கிப் பழகியவன் நான். "பாப்பா, இது என்ன?" என்று கரண்டியைக் காட்டுவேன், மூன்று எண்ணுவதற்குள் "கரண்டி! இது கரண்டி! எவர்சில்வர் கரண்டி!" என்று நானே அறிவித்துவிடுவேன். பத்து நாள் இப்படிப் போனது. இளவேனில் என்னைப் பார்த்து நான்காவதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டாள். "பை."

தோற்ற மனுஷன் என்ன செய்வான்? தெரிந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு அங்கன்வாடி, அங்கே பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள் என்று மார்ட்டின் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். குறிப்பெடுக்க ஒரு நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா, பேன்ட் போட்டுக்கொண்டேன், வேட்டியில் போனால் குழந்தைகள் பயப்படுமோ என்று. அங்கேதான் தப்பு நடந்தது. நம் ஊரில் ஆபீசர் என்றால் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும், முகம் தெரியாது, சொல்லாமல் வருவார், கையில் நோட்டு இருக்கும். அங்கன்வாடி ஆசிரியை மாரிக்கண்ணு என்னைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்று, "வாங்க சார், வாங்க, உக்காருங்க சார்" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். நான் அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தவன் மூடிக்கொண்டேன். ஏனென்றால் காரைக்காலில் என் முகம் யாருக்கும் தெரியாது, என் குரல் தெரியாத ஆள் கிடையாது. ஒரு வார்த்தை பேசினால் மானம் போய்விடும். பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன். பேசாத ஆபீசர் பெரிய ஆபீசர் போலிருக்கிறது, உடனே தட்டில் நான்கு அவித்த முட்டை வந்தது. மார்ட்டின் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சிரித்துச் செத்தான்.

அப்போது மூன்று வயது இருக்கும், ஒரு பொடிப்பெண், தன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். முட்டையைக் காட்டினாள்.

"முட்ட."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? வாயைத் திறக்க வழியில்லை. அவள் என்னையே பார்த்தாள். நான் அவளையே பார்த்தேன். பத்தும் ஆகியிருக்கும், பதினைந்தும் ஆகியிருக்கும்.

"எம் முட்ட."

புருவத்தைத் தூக்கினேன்.

"கோழி போட்டுச்சு." கொஞ்ச நேரம் யோசித்தாள். "கோழி எங்க போச்சு தெரியுமா?"

தெரியாது என்று கையை விரித்தேன்.

"கடலுக்கு. எங்க அப்பாவும் கடலுக்கு." முட்டையை ஒரு கடி கடித்தாள். "அப்பா வந்துடும். கோழி வராது."

கார்த்தி, சத்தியமாகச் சொல்கிறேன், அரை மணி நேரம் அந்தப் பெண் பேசினாள். படகைப் பற்றி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி, அண்ணன் தன் செருப்பைப் போட்டுக்கொண்டதைப் பற்றி. நான் புருவத்தாலும் கையாலும் பதில் சொன்னேன். நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் மாரிக்கண்ணு பதிவேட்டை நீட்டினார், 'குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அதுவரை தப்பித்தேன். "பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். அந்த ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. என்னை அறியாமல் எழுந்து நின்று, "அன்பார்ந்த குழந்தைச் செல்வங்களே" என்று சொல்லிவிட்டேன். மூலையில் இருந்த ஒரு வாண்டு துள்ளி எழுந்தது.

"ஐ! தண்ணி வராது மாமா!"

அவ்வளவுதான். இருபது பிள்ளைகளும் கையைத் தட்டிக்கொண்டு "தண்ணி வராது, தண்ணி வராது" என்று என்னைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள். மாரிக்கண்ணு இடுப்பில் கையை வைத்தார்.

"ஏங்க, நீங்க அந்த ஆட்டோல கத்துறவரா? உங்களுக்கா நாலு முட்டை அவிச்சேன்?"

மன்னிப்புக் கேட்டு, பேத்தி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "இதைக் கத்துக்கவா நோட்டு எடுத்துக்கிட்டு வந்தீங்க? இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. அந்தப் புள்ள வந்து ஆறு மாசம் ஆச்சு, எங்கிட்டகூட இவ்வளவு பேசுனதில்ல." பதிவேட்டைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பார்த்தார். "எழுதுனது நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துக்குக் கீழ, 'ஆபீசர் இல்லை'ன்னு மட்டும் போட்டுக் குடுங்க." போட்டுக் கொடுத்தேன். முட்டைகளை மார்ட்டின் தின்றான்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். "இளவேனில்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன், மைக் குரலில் இல்லை, உன் அம்மாவிடம் தண்ணீர் கேட்கிற குரலில். அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரும்போது குழந்தை முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தாள். ஒன்பதில் ஒரு காலுறையைத் தூக்கிக் காட்டினாள். நான் புருவத்தைத் தூக்கினேன். "காலு" என்றாள். என்னிடம், தம்பி! காரைக்கால் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைத் திருப்பிச் சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "காலு... தாத்தா காலு?" என்றாள். என் காலைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினேன். சிரித்தாள். அந்த நேரம் பார்த்து நீ மத்தியான ஷிப்ட் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாய். நான் காலை இறக்கிவிட்டு அசையாமல் இருந்தேன், ஏனென்றால் எண்ணிக்கை மறுபடி நான்கில் இருந்தது.

"அப்பா?" என்றாய். "அப்பா, கேக்குதா? என்னப்பா, முகம் தெரியுது, பேச்சைக் காணோம்? அம்மா, இங்க வா, அப்பா சும்மா உக்காந்திருக்காரு, வாய் கோணியிருக்கா பாரு. அப்பா, மருந்து போட்டீங்களா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? மார்ட்டின் அண்ணனைக் கூப்பிடவா? வெயில்ல சுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லணும்னு நினைச்சிருக்கேன் தெரியுமா? அப்பா, ஏதாவது பேசுங்கப்பா."

நீ பிரான்சு போய் ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் நாம் பேசியதை நீயும் அறிவாய், நானும் அறிவேன். "சாப்டியா?" "ம்." "வேலை?" "போவுது." "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்." இப்போது உன் அம்மா அந்தப் பக்கம் வந்துவிட்டதால் போனைக் கொடுக்க எனக்கு ஆளில்லை, நீதான் "இருங்க, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்கிறாய். அப்படி இருக்க, நேற்று நீ மூச்சு விடாமல் என்னிடம் கேட்டாய். தொழிலில் என்னை நிறுத்தச் சொன்னவர்கள் ஊரில் நிறைய உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், தூங்குகிற கைக்குழந்தையின் தாய்மார்கள், ஒருமுறை ஒரு போலீஸ்காரர். தன்னோடு பேசுங்கள் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீ. நான் நல்லா இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ போனை வைத்துவிட்டு மார்ட்டினைக் கூப்பிட்டிருக்கிறாய். எனக்குப் பதிலாக மைக் பிடித்திருந்த அவன் பாதி விளம்பரத்தில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து, மைக்கை அணைக்க மறந்து, "அண்ணே! உயிரோட இருக்கீங்களா அண்ணே?" என்று தெரு முழுக்க அறிவித்தான். இன்று காலை வரை ஆறு பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் காபி குடித்தார்கள்.

இதற்கெல்லாம் மூலம் எது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். உனக்கு நான்கைந்து வயது இருக்கும். ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்திருந்தாய். காரைக்கால்மேட்டுத் திருப்பத்தில் மீன் ஏலம், ஒரே கூட்டம், நான் முழு மூச்சில் இருந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து "அப்பா" என்றாய். மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு "இரு" என்றேன். மறுபடி இழுத்தாய். "இருடா." மூன்றாம் தடவை நீ இழுக்கவில்லை. அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய்? கடலைக் காட்டவா? அங்கே ஏதாவது கப்பல் நின்றதா? அப்புறம் நான் கேட்கவே இல்லை. நர்ஸம்மா சொன்ன கம்பிகளில் எத்தனையை அந்த 'இரு'வால் நான் அறுத்துவிட்டேனோ, அதில் மிச்சம் இருந்ததை வைத்துத்தான் நீ என்னிடம் "ம்" என்கிறாய் என்று தோன்றுகிறது. அதையே நீ குழந்தையிடமும் செய்தால் குற்றம் உன்னுடையது இல்லை, மைக் செட்காரனுடையது. ஜெனிஷா உன்னைத் திட்டினால் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டு.

ஆகவே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ லீவு போட்டு வர வேண்டிய அவசியம் இல்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ரத்து செய்ய முடியாத டிக்கெட்டாக இருந்தால் என்ன செய்ய முடியும், வர வேண்டியதுதான். அப்படிப்பட்ட டிக்கெட்டுகள்தான் விலை குறைவு என்று ஜெனிஷாவின் பெரியப்பா சொன்னார், நீ எப்போதும் விலை குறைந்ததைத்தான் வாங்குவாய். வந்தால் மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எண்ணுவேன்.

பேத்திக்கு என் முத்தம், ஜெனிஷாவுக்கு ஆசீர்வாதம், உன் அம்மாவுக்கு, அவள் என்னைத் திட்டியதெல்லாம் அப்படியே திருப்பி. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த பேச்சோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வைத்தியலிங்கம்.

பி.கு.: எந்த அறிவிப்பையும் தப்பில்லாமல் இருக்கிறதா என்று மார்ட்டினிடம் ஒரு தடவை காட்டுவது வழக்கம், இதையும் காட்டினேன். படித்துவிட்டு, "அண்ணே, அது நம்ம கார்த்தி இல்ல, எம் மவன் மைக்கேல்ராஜு. கார்த்தியை நீங்க ஒரு நாள்கூட வண்டியில ஏத்துனதே இல்ல, சத்தத்துல புள்ளைக்குக் காது போயிடும்னு வீட்லயே விட்டுட்டு வருவீங்க" என்கிறான். அந்தப் பையன் என் சட்டையை இழுத்தது ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லத்தானாம். சீட்டைக் கழுவியது மார்ட்டின்.